தம்பி ஜனவரியில் வின்னிபெக் போகிறான்: பூட்ஸ் இங்கே வாங்குவதா, அங்கேயா?

வியாசர்பாடி மீனா

எல்லோருக்கும் வணக்கம். என் தம்பிக்குக் கனடாவில் மனிடோபா பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. ஜனவரியில் வகுப்பு ஆரம்பம். கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு கிளம்புகிறான். ஊர் வின்னிபெக். ஜனவரி ராத்திரிகளில் மைனஸ் 20-க்குக் கீழே போவது அங்கே சர்வசாதாரணம் என்கிறார்கள். எங்கள் வீட்டில் பனியைக் கண்ணால் பார்த்தவர்கள் யாருமே இல்லை.

ஜாக்கெட், குல்லா விஷயத்தில் ஓரளவு தெளிவாகிவிட்டது. பூட்ஸில்தான் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அங்கே விலை தாங்காது, இங்கேயே வாங்கிவிடு என்கிறார் மாமா. இங்கே வாங்குவது தண்டச் செலவு என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். பாரிமுனையில் ஒரு கடையில் உள்ளே புசுபுசுவென்று ரோமம் வைத்த ஜோடி 2,800 ரூபாய் சொன்னார்கள். ‘மைனஸ் 30 வரை தாங்கும்’ என்று அட்டையில் போட்டிருந்தது. மழைக்காலத்தில் கணேசபுரம் சுரங்கப்பாதைப் பக்கம் போவதற்காக வாங்கிய கம்பூட் வீட்டில் இருக்கிறது, அதுவே போதாதா என்று அப்பா கேட்கிறார்.

பூட்ஸுக்கென்று 10,000 ரூபாய் எடுத்து வைத்திருக்கிறேன். அதற்கு மேல் முடியாது. எதைப் பார்த்து வாங்க வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஐஸ்ரூம் அந்தோணி

மீனாக்கா, காசிமேட்டில் மீன் ஏற்றுமதிக் கம்பெனியில் கோல்டு ஸ்டோரேஜ் வேலை எனக்கு. ரூம் எப்போதும் மைனஸ் 18-ல் இருக்கும். மீனை உறைய வைக்கிற ப்ளாஸ்ட் ஃப்ரீசர் மைனஸ் 35, 40 வரை போகும். கனடா நான் பார்த்ததில்லை. ஆனால் அந்தக் குளிரில் கால் என்ன பாடு படும் என்று தெரியும், அதை மட்டும் சொல்கிறேன்.

குளிர் காற்றிலிருந்து வருவதைவிடத் தரையிலிருந்துதான் அதிகமாக ஏறும். பெட்டி தூக்கி நடந்துகொண்டே இருந்தால் கால் சூடாக இருக்கும். சரக்கு எண்ணுவதற்காக ஒரே இடத்தில் நின்றால்தான் வினை. முதலில் கட்டைவிரல் நுனி மரக்கும், அப்புறம் பாதத்தின் முன்பக்கம், அதற்கப்புறம் கீழே கால் இருக்கிறதா என்றே தெரியாது. அதனால் காலி அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தரையில் போட்டு, அதன் மேல் நின்றுதான் எண்ணுவோம். அந்த ஒரு அட்டை அவ்வளவு வித்தியாசம் செய்யும். தம்பி நடக்கும்போது பிரச்சினை இருக்காது. பஸ்ஸுக்காக நிற்கிற நேரம்தான் பூட்ஸுக்குச் சோதனை. அதனால் அடிப்பக்கம் எவ்வளவு தடிமன், உள்ளே கழற்றி எடுக்கிற கம்பளி இன்சோல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கம்பூட் கண்டிப்பாக வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லுங்கள். மீன் கழுவுகிற இடத்துக்குத்தான் அது சரி. வெளித் தண்ணீர் உள்ளே வராது, ஆனால் வியர்வையும் வெளியே போகாது. கொஞ்ச நேரத்தில் சாக்ஸ் நனைந்துவிடும். நனைந்த சாக்ஸோடு ஐஸ்ரூமுக்குள் போனால் வெறுங்காலோடு போனதற்குச் சமம்.

ராயபுரம் ராஜேஷ்

என் சித்தப்பா பையன் இதே மாதிரி ரோமம் வைத்த பூட்ஸ்தான் வாங்கி மணாலிக்குப் போட்டுக்கொண்டு போனான். நன்றாகவே இருந்தது என்றான். கனடாவில் எல்லா இடத்திலும் ஹீட்டர்தானே, வெளியே எவ்வளவு நேரம் இருக்கப் போகிறார்? 2,800 ரூபாய்க்கு இதை வாங்கி, உள்ளே தடியான சாக்ஸ் இரண்டு ஜோடி போட்டால் தாராளமாகச் சமாளிக்கலாம். மிச்சப் பணம் அந்தப் பையனுக்குக் கைச்செலவுக்கு ஆகும். படிக்கப் போகிற பிள்ளைக்கு அதுதான் முக்கியம்.

தண்டையார்பேட்டை சுபேதார்

ராஜேஷ் தம்பி, பணத்தைப் பற்றி நீங்கள் சொல்வது நியாயம். இரண்டு ஜோடி சாக்ஸ் விஷயத்தை மட்டும் ஏற்க முடியாது. நான் ராணுவத்தில் லடாக் பக்கம் குளிர்காலம் கழித்தவன். புதிதாக வருகிற பையன்கள் எல்லோரும் முதலில் செய்வது இதைத்தான். அளவான பூட்ஸில் இரண்டு தடி சாக்ஸைத் திணித்தால் கால் இறுகும். இறுகினால் ரத்தம் விரல் வரை போகாது. கம்பளி சூடு கொடுப்பதே அதன் இழைகளுக்கு நடுவில் நிற்கிற காற்றால்தான். அதை நசுக்கிவிட்டால் வெறும் துணிதான் மிஞ்சும். அப்போது ஒரு சாக்ஸ் போட்டவனைவிட இரண்டு போட்டவனுக்குத்தான் சீக்கிரம் விறைக்கும்.

பூட்ஸைப் போட்டு லேஸ் கட்டிய பிறகு விரல் ஐந்தையும் உள்ளே தாராளமாக ஆட்ட முடிய வேண்டும். குதிகால் மட்டும் மேலே எழும்பக் கூடாது. இந்த இரண்டும் சரியாக இருந்தால் பாதி வேலை முடிந்தது.

எம்.சி. ரோட்டில் டஜன் கணக்கில் கிடைக்கிற காட்டன் சாக்ஸை மூட்டை கட்டிக் கொடுத்துவிடாதீர்கள், அம்மா. சென்னை வெயிலுக்கு அது நல்லது. குளிரில் வியர்வையை உறிஞ்சி அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும். கம்பளி, முடிந்தால் மெரினோ கம்பளி, மூன்று நான்கு ஜோடி போதும். கொஞ்சம் ஈரமானாலும் அது சூட்டைக் கைவிடாது. பையில் எப்போதும் உலர்ந்த ஜோடி ஒன்று இருக்கட்டும். ஈரமானது தெரிந்தால் உடனே மாற்றச் சொல்லுங்கள்.

வின்னிபெக் பெரம்பூரான்

இந்த இழையை இப்போதுதான் பார்த்தேன். ஜமாலியாவில் பிறந்து வளர்ந்தவன், இப்போது பல வருடமாக வின்னிபெக்கில் இருக்கிறேன். மீனா, உங்கள் தம்பி எங்கள் ஊருக்குத்தான் வருகிறார், கவலைப்படாதீர்கள்.

ராஜேஷ் கேட்ட கேள்விக்கு முதலில் வருகிறேன். பல்கலைக்கழகக் கட்டடங்களை இணைக்கும் சுரங்க நடைபாதைகள் இருப்பது உண்மை. உள்ளே டி-சர்ட்டோடு நடக்கலாம். ஆனால் வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப், அங்கே காத்திருப்பது, மளிகைக் கடை, பகுதிநேர வேலை என்று எல்லாம் வெளியேதான். இங்கே வெயில் அடித்தாலும் காற்று வெட்டும். காற்றோடு சேர்த்து உணரும் குளிரை ‘விண்ட் சில்’ என்று ஒரு எண்ணாக வானிலை அறிக்கையில் சொல்வார்கள். அது மைனஸ் 28-க்கும் 39-க்கும் இடையில் இருந்தால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறையலாம். மைனஸ் 40-ஐத் தாண்டினால் 5 முதல் 10 நிமிடம். பயமுறுத்தச் சொல்லவில்லை, பேருந்து ஒன்றைத் தவறவிட்டால் ஆகிற நேரம் இது.

அட்டையில் போட்டிருக்கிற மைனஸ் 30, மைனஸ் 40 எண்களை நம்பி எதையும் வாங்காதீர்கள். நல்ல கம்பெனிகளும் போடுகின்றன, கண்டவர்களும் போடுகிறார்கள். எல்லோருக்கும் பொதுவான கட்டாயச் சோதனை ஒன்றை வைத்து எழுதுகிற எண் அல்ல அது. ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களை ஒப்பிடத்தான் உதவும். உள்ளே என்ன வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். ‘தின்சுலேட்’ மாதிரிப் பஞ்சு வைத்த பூட்ஸில் 200, 400, 800 கிராம் என்று எழுதியிருக்கும். சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற கணக்கு அது, பூட்ஸின் எடை அல்ல. நடந்துகொண்டே இருப்பவருக்கு 200 போதும். மாணவருக்கு 400 நல்ல நடுநிலை. உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடிக்கிறவர்கள் 800-க்கு மேல் வாங்குவார்கள், அதைப் போட்டு வகுப்பில் உட்கார்ந்தால் கால் வெந்துபோகும், வியர்க்கும், வெளியே வந்ததும் அந்த வியர்வையே குளிரும்.

எங்கள் ஊருக்கு நான் சொல்வது உள்ளுறை தனியாகக் கழன்று வருகிற வகை. கீழே ரப்பர் ஓடு, மேலே தோல் அல்லது நைலான், உள்ளே சாக்ஸ் மாதிரி ஒரு கம்பளி உறை. ‘சோரல்’, ‘காமிக்’, ‘பாஃபின்’ கம்பெனிகள் இப்படிப்பட்டவற்றுக்குப் பேர் போனவை. காமிக் விலையில் கொஞ்சம் இறக்கம். வீட்டுக்கு வந்ததும் உறையை உருவி வெளியே வைத்தால் காலைக்குள் காய்ந்துவிடும். உறை ஒட்டியே தைத்திருக்கிற பூட்ஸ் உள்ளுக்குள் நனைந்தால் மறுநாளும் ஈரமாகவே இருக்கும். தினமும் போட வேண்டிய பொருளுக்கு இதைவிடப் பெரிய குறை எனக்குத் தெரியவில்லை.

விலை: நல்ல ஜோடி நூறு முதல் இருநூறு கனடா டாலர். டிசம்பர் 26 ‘பாக்ஸிங் டே’ தள்ளுபடி தொடங்கும், உங்கள் தம்பி வரும் நேரத்துக்கு அது சரியாக இருக்கும். ‘வேல்யூ வில்லேஜ்’ போன்ற பழைய பொருள் கடைகளில் பாதிக்கும் குறைவாகக் கிடைக்கும். அதனால் என் கருத்து, முக்கிய பூட்ஸை இங்கே வந்து, அந்தக் கம்பளி சாக்ஸைப் போட்டுப் பார்த்து வாங்கட்டும்.

தோல்கடை கரீம்

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். பெரியமேட்டில் ஷூ தயாரிப்பில் தலைமுறையாக இருக்கிறோம். சிடன்ஹாம்ஸ் ரோடு பக்கம் வந்தவர்களுக்கு எங்கள் தொழில் தெரியும்.

இங்கே வாங்குவதெல்லாம் வீண் என்று ஒரேயடியாகச் சொல்லும்போது மனசு கேட்கவில்லை. ஆம்பூர், ராணிப்பேட்டை, வாணியம்பாடித் தோல் உலகம் முழுக்கப் போகிறது. ஐரோப்பாவில் விற்கிற பூட்ஸில் நம்ம ஊர்த் தோலும், நம்ம ஊர்க் கை வேலையும் இருக்கிறது. தோலிலோ தையலிலோ நமக்குக் குறை கிடையாது. உறைபனிக்கான ரப்பர் சோல், அதற்கான அச்சு, கழற்றுகிற உள்ளுறை, இவை நம்ம சந்தையில் சில்லறைக்குக் கிடைப்பதில்லை. கேட்பவர்கள் இல்லாததால் யாரும் செய்வதில்லை. அந்தக் காரணத்துக்காக வின்னிபெக் தம்பி சொல்வதை ஒத்துக்கொள்கிறேன்.

எங்கே வாங்கினாலும் கையில் எடுத்துப் பார்க்கத் தெரிய வேண்டும். நான் பார்க்கும் இடங்களைச் சொல்கிறேன், தம்பியைப் படிக்கச் சொல்லுங்கள்.

மேலே உள்ள தோல் அப்பரும் கீழே உள்ள ரப்பரும் சேருகிற கோட்டில் விரலை ஓட்டுங்கள். பூட்ஸ் செத்துப்போவது பெரும்பாலும் அங்கேதான். 1912-ல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் லியோன் பீன் என்பவர் ரப்பர் அடியில் தோலைத் தைத்து வேட்டைக்காரர்களுக்கு பூட்ஸ் விற்றார். முதல் 100 ஜோடியில் 90 திரும்பி வந்தது, தையல் பிய்ந்துகொண்டு. பணத்தைத் திருப்பிக் கொடுத்து, கடன் வாங்கி, ரப்பரை மாற்றி மறுபடி செய்தார். இன்றைக்கும் அந்தக் கம்பெனி அதே பூட்ஸை விற்கிறது. ஆக அந்தக் கோட்டில் இரண்டு வரிசைத் தையலாவது இருக்கிறதா, தையல் தரையிலிருந்து நல்ல உயரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பசையை மட்டும் நம்பி ஒட்டியிருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

அடுத்தது நாக்கு. லேஸுக்குப் பின்னால் இருக்கிற நாக்கின் இரண்டு பக்கமும் அப்பரோடு மடிப்பு வைத்துத் தைத்திருக்க வேண்டும். தனியாகத் தொங்கினால் பனி அந்த வழியாக உள்ளே போய் உருகும். கணுக்காலுக்கு மேல் ஒரு சாண் உயரமாவது வேண்டும்.

கடைசியாக, முன்பாதியை மேலே வளையுங்கள். விரல்கள் மடங்குகிற இடத்தில் அது மடங்க வேண்டும், நடுவில் அல்ல. நடுவில் மடங்குகிற பூட்ஸில் நடந்தால் குதிகால் தூக்கிக்கொண்டே இருக்கும், சீக்கிரம் கொப்புளம் வரும்.

ஐஸ்ரூம் அந்தோணி

கரீம் பாய் வளைக்கச் சொன்னதும் ஒன்று செய்து பார்த்தேன். எங்கள் லோடிங் பையன் ஒருவனிடம் மீனாக்கா சொன்ன மாதிரியே நடைபாதையில் வாங்கிய ரோம பூட்ஸ் இருந்தது, பைக் ஓட்ட வாங்கியது. சூப்பர்வைசரிடம் கேட்டு, அதையும் என் வேலை பூட்ஸையும் சாயங்காலம் ஐஸ்ரூமில் வைத்துவிட்டுக் காலையில் எடுத்தோம்.

என் பூட்ஸ் கொஞ்சம் விறைப்பாக இருந்தது, ஆனால் இரண்டு கையால் வளைத்தால் வளைந்தது. அந்த ரோம பூட்ஸின் அடி பலகை மாதிரி ஆகிவிட்டது. இரண்டு பேர் பிடித்தும் வளையவில்லை. அழுத்தி வளைத்தபோது முன்பக்கம் ஒட்டின இடத்தில் ‘டப்’ என்று பசை விட்டு, ஒரு நகம் நுழைகிற அளவுக்கு வாய் திறந்துகொண்டது. நகத்தால் அடியில் அழுத்தினால் துளியும் உள்ளே போகவில்லை, என் பூட்ஸில் லேசாகப் போனது. எங்கள் கம்பெனித் தரையில் ஐஸ் படிந்த இடத்தில் அதைப் போட்டுக் காட்டினான் அந்தப் பையன், கம்பியைப் பிடிக்காமல் நிற்கவே முடியவில்லை.

உள்ளே இருந்த ரோமம் நன்றாகத்தான் இருந்தது. அடி கல்லாகிவிட்டால் ரோமத்தை வைத்து என்ன செய்வது?

தோல்கடை கரீம்

அந்தோணி, அருமையான வேலை செய்தீர்கள். அந்த அடி பி.வி.சி.யாக இருக்கும். அதை மெத்தென்று வைப்பதே அதில் கலக்கிற எண்ணெய் மாதிரிப் பொருள்தான், குளிர் ஏற ஏற அது வேலை செய்யாமல் விறைத்துவிடும். இயற்கை ரப்பர் அப்படி இல்லை, மைனஸ் 40-லும் இழுபடும். அதனால்தான் பனிக்கான சோலில் இயற்கை ரப்பர் கலவையை அதிகம் சேர்ப்பார்கள். தரையைப் பிடிக்க வேண்டுமென்றால் சோல் மெத்தென்று அமுங்கித் தரையோடு ஒட்ட வேண்டும். ஆழமாக வரி போட்டிருப்பது புதுப் பனிக்கு உதவும், ஆனால் வழவழப்பான ஐஸில் வரியைவிட ரப்பரின் மெதுத்தன்மைதான் பேசும்.

வீட்டு ஃப்ரிட்ஜின் ஃப்ரீசர்ப் பெட்டியும் ஏறக்குறைய மைனஸ் 18-தான். சந்தேகம் இருந்தால் பிளாஸ்டிக் கவரில் சுற்றி ஒரு ராத்திரி வைத்துப் பார்க்கலாம்.

வின்னிபெக் பெரம்பூரான்

வழுக்குவதைப் பற்றிக் கூடுதலாகச் சொல்ல வேண்டும், இங்கே எலும்பு முறிந்து ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். மைனஸ் 25-ல் ஐஸ் காய்ந்திருக்கும், அவ்வளவாக வழுக்காது. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வரும்போதுதான் மேலே மெல்லிய நீர்ப்படலம் நின்று படுமோசமாக வழுக்கும். மார்ச், ஏப்ரலில் பகலில் உருகி ராத்திரி உறையும், காலை நடைபாதை கண்ணாடியாக இருக்கும்.

டொரண்டோவில் ஒரு மறுவாழ்வு ஆராய்ச்சி நிலையம் ஐஸ் தரை போட்ட சாயும் அறைக்குள் ஆட்களை நடக்க விட்டு பூட்ஸ்களைச் சோதிக்கிறது. எத்தனை டிகிரி சாய்வு வரை வழுக்காமல் நிற்கிறது என்று அளப்பார்கள். 7 டிகிரி தாங்கினால் ஒரு பனித்துகள் சின்னம். 2016-ல் முதல் முடிவுகளை வெளியிட்டபோது 98 மாடல்களில் பத்தில் ஒன்றுகூடத் தேறவில்லை. விலை அதிகமானவையும் தோற்றன. ‘ரேட் மை ட்ரெட்ஸ்’ என்ற பேரில் அந்தப் பட்டியலை இலவசமாக வைத்திருக்கிறார்கள், மாடல் பேர் போட்டுத் தேடலாம். வாங்குவதற்கு முன் தம்பி அதில் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

மணலி ஃபிட்டர்

எனக்கும் இதில் ஒரு கேள்வி. நான் ரிஃபைனரி கான்ட்ராக்டில் ஃபிட்டர். கனடாவில் ஆல்பர்ட்டா மாகாணத்தில் வேலைக்கு ஏஜென்சி மூலம் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இங்கே கொடுத்த சேஃப்டி ஷூ புத்தம் புதிது, விரலுக்கு மேல் இரும்புத் தொப்பி, ஆயில் பிடிக்காத சோல். அதையே கொண்டுபோனால் ஆகாதா? இரும்பு குளிரை இழுக்கும் என்கிறார்கள், உண்மையா?

தோல்கடை கரீம்

தம்பி, இரும்பைப் பற்றித்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். அதைவிடப் பெரிய பிரச்சினை இடம். இரும்புத் தொப்பி விரிந்து கொடுக்காது, தடி சாக்ஸ் போட்டால் விரல் நெருக்கும். சுபேதார் ஐயா சொன்ன மாதிரி நெருக்கினால் ரத்தம் ஓடாது. இங்கே கொடுப்பது வெயில் நாட்டுக்கான ஷூ, உள்ளே சூடு காக்கிற லைனிங் எதுவும் இருக்காது. எண்ணெய் தாங்குகிற சோலில் நைட்ரைல் ரப்பர் சேர்ப்பார்கள், அது குளிரில் சீக்கிரம் இறுகும். எண்ணெய்த் தரையில் பிடிப்பதால் ஐஸிலும் பிடிக்கும் என்று நினைத்துவிடாதீர்கள்.

வாங்கும்போது உள்ளே முத்திரையில் ‘சி.ஐ.’ என்ற இரண்டு எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். ஐரோப்பியத் தரத்தில் குளிர் தடுப்புக்கான அடையாளம் அது. மைனஸ் 17-ல் அரை மணி நேரம் வைத்து, இன்சோல் மேல் சூடு 10 டிகிரிக்கு மேல் இறங்கக் கூடாது என்பது சோதனை. ஆல்பர்ட்டாவுக்கு அது மட்டும் போதாது, ஆனால் அது இல்லாததைத் தொடவே வேண்டாம். கனடா வேலைத்தளங்களில் அவர்கள் நாட்டு முத்திரை கேட்பார்கள், பச்சை முக்கோணம். ஆகவே அங்கே போய், முதலாளியிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கொளத்தூர் லதா

அக்கா, உங்கள் இழையில் நுழைவதற்கு மன்னிக்கவும். அம்மா டொரண்டோவில் அண்ணன் வீட்டுக்குப் பேறுகாலத்துக்குப் போகிறார்கள், பிப்ரவரியில். வயது 63, சுகர் இருக்கிறது. குனிந்து லேஸ் கட்ட முடியாது. என்ன மாதிரி வாங்கச் சொல்வது?

வின்னிபெக் பெரம்பூரான்

லதா, அம்மாவுக்கு நான் சொன்ன கனமான பூட்ஸ் வேண்டாம். டொரண்டோ எங்களை விட மிதம், ஆனால் அங்கே ஈரப் பனியும் உப்பும் அதிகம். எடை குறைந்த, பக்கத்தில் ஜிப் உள்ள, தண்ணீர் புகாத பூட்ஸ். ஜிப்புக்குப் பின்னால் தடுப்புத் துணி இருக்க வேண்டும். இங்கே எந்த வீட்டுக்குள் போனாலும் வாசலில் கழற்ற வேண்டும், நம்ம ஊர்ப் பழக்கமேதான், அதனால் நின்றபடி கழற்ற முடிவது முக்கியம்.

அடியில் மாட்டுகிற இரும்பு முள் பட்டைகள் கிடைக்கும். ஐஸில் நல்லது. ஆனால் கடைக்குள், ரயில் நிலையத்துக்குள் டைல்ஸ் தரையில் அதுவே வழுக்கும், கழற்றித்தான் நடக்க வேண்டும். அம்மாவால் குனிய முடியாது என்றால் வாங்காதீர்கள், அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பதே நல்லது.

தண்டையார்பேட்டை சுபேதார்

லதா அம்மா, சுகர் இருந்தால் இன்னொரு கவனம் வேண்டும். காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் குளிர் கடிப்பதும் தெரியாது, பூட்ஸ் உரசுவதும் தெரியாது. ஒவ்வொரு முறை வெளியே போய் வந்ததும் சாக்ஸைக் கழற்றி, விரல் இடுக்கு, குதிகால் எல்லாம் வேறு யாராவது வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். வெளுத்தோ சிவந்தோ இருந்தால் விடக் கூடாது. விரலுக்கடியில் வைக்கிற சூடு பொட்டலம் விற்பார்கள், அம்மாவுக்கு அதைக் கொடுக்கவே கூடாது. சுட்டாலும் தெரியாது. கால் விறைத்துவிட்டால் ஹீட்டர் பக்கத்தில் நீட்டுவதும் வேண்டாம்.

ராயபுரம் ராஜேஷ்

சாக்ஸ் விஷயம் புரிந்தது ஐயா. அந்தோணி செய்த சோதனையைப் படித்த பிறகு அந்த பூட்ஸை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஆனால் மீனாவின் தம்பி விமானத்திலிருந்து இறங்கிக் கடைக்குப் போகிற வரை எதைப் போட்டுக்கொள்வார்? வெறும் ஸ்போர்ட்ஸ் ஷூவா? அதற்கு யாரும் பதில் சொல்லவில்லையே.

வின்னிபெக் பெரம்பூரான்

நல்ல கேள்வி. அதற்கு அங்கே, சென்னையில்தான் வாங்க வேண்டும். ‘டெகாத்லான்’ கடையில் தண்ணீர் புகாத மலையேற்ற ஷூ, கணுக்கால் மூடுகிற மாதிரி, 4,000-5,000 ரூபாய் வாக்கில் இருக்கும். அரை அளவு பெரிதாக எடுத்து, கம்பளி சாக்ஸ் போட்டால் ஏர்போர்ட்டிலிருந்து வீடு, வீட்டிலிருந்து காரில் கடை என்பதற்குத் தாராளம். அது வீணாகாது. அக்டோபர், நவம்பரிலும், ஏப்ரல் சேற்றிலும் அதைத்தான் போடுவார். பெரிய பூட்ஸ் ஒரு ஜோடி ஏறக்குறைய 2 கிலோ வரும். 23 கிலோ பெட்டியில் அந்த இடத்துக்குப் பருப்புப் பொடியும் ஊறுகாயும் வைக்கலாம்.

சாயங்காலம் போய்ப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், நாள் முழுக்க நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அந்த அளவுதான் சரி. இன்னொன்று, இங்கே அளவு எண் மாறும். இந்தியாவில் ஆண்களுக்கு 8 என்பது இங்கே 9. பெண்களுக்கு ஏறக்குறைய இரண்டு எண் கூடும்.

வியாசர்பாடி மீனா

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அப்பாவுக்கு முழுசாகப் படித்துக் காட்டினேன். ஐஸ்ரூம் சோதனையைக் கேட்டதும் கம்பூட் பேச்சையே விட்டுவிட்டார்.

முடிவு இதுதான். மலையேற்ற ஷூவும் கம்பளி சாக்ஸ் நான்கு ஜோடியும் இங்கே வாங்குகிறோம். மிச்சம் இருப்பதோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து டாலராக மாற்றி, பூட்ஸுக்கென்று தனி உறையில் வைத்துக் கொடுக்கிறேன். அங்கே உள்ளுறை கழலும் பூட்ஸ், 400 கிராம் அல்லது கம்பளி உறை, நாக்கு தைத்தது, தையல் உயரமாக இருப்பது, பட்டியலில் பனித்துகள் இருந்தால் இன்னும் நல்லது. எதையாவது விட்டுவிட்டேனா?

கரீம் பாய், ஒரு சந்தேகம். அவன் கோடையில் லீவுக்கு வரும்போது பூட்ஸை இங்கே கொண்டு வந்து வைக்கலாமா?

தோல்கடை கரீம்

வேண்டாம் அம்மா, அங்கேயே இருக்கட்டும். நம்ம ஊர்ப் புழுக்கத்தில் தோலில் பூஞ்சை பிடிக்கும். அதைவிட, நடு சோலில் பாலியூரித்தேன் என்ற நுரை வைத்திருந்தால் காற்றிலுள்ள ஈரம் அதை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருக்கும். பெட்டியைத் திறக்காமல் சில வருடம் வைத்திருந்த புது ஷூ, போட்ட அன்றே அடி பொடிப்பொடியாக உதிர்வதை எங்கள் கடையில் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். ஷூ பழசாகவில்லை, ஈரம் தின்றுவிட்டது. அடிக்கடி போட்டு நடக்கிற ஷூவுக்கு இது அவ்வளவு சீக்கிரம் வராது.

தெருவில் தூவுகிற உப்பு தோலில் வெள்ளைக் கோடாகப் படியும். வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து துணியால் துடைத்து, காய்ந்ததும் மெழுகோ க்ரீமோ தடவ வேண்டும். ஹீட்டர் மேல் வைத்துக் காய வைத்தால் தோல் வெடிக்கும், பசை விடும். உள்ளே பழைய செய்தித்தாளைச் சுருட்டி வைத்தால் போதும்.

வின்னிபெக் பெரம்பூரான்

கடுங்குளிரில் உப்பு வேலை செய்யாது என்பதால் எங்கள் ஊரில் மணல்தான் அதிகம் தூவுவார்கள், ஆனாலும் இளகின நாட்களில் உப்பு இருக்கும். பாய் சொன்னது தேவைப்படும்.

மீனா, விட்டுப்போன ஒன்று. வாங்கியதும் பில்லையும் அட்டைப்பெட்டியையும் தூக்கிப் போட வேண்டாம். முதல் இரண்டு நாள் வீட்டுக்குள், கார்ப்பெட் மேல் மட்டும், கம்பளி சாக்ஸோடு ஒரு மணி நேரம் நடந்து பார்க்கட்டும். குதிகால் உரசினாலோ சுண்டுவிரல் நெருக்கினாலோ அடியில் அழுக்குப் படாதவரை பெரும்பாலான கடைகளில் மாற்றிக் கொடுப்பார்கள், வெளியே ஒருமுறை நடந்துவிட்டால் கஷ்டம். டிக்கெட் உறுதியானதும் தனி மடலில் தேதியைச் சொல்லுங்கள். அந்த வாரம் நான் ஊரில்தான் இருக்கிறேன், காரில் கூட்டிப்போய் இரண்டு மூன்று கடை ஏறி இறங்கலாம்.

வியாசர்பாடி மீனா

அண்ணே, டிக்கெட் 28-ஆம் தேதி ராத்திரிக்குப் போட்டிருக்கிறோம். தனி மடல் அனுப்பிவிட்டேன். ஊறுகாய் எலுமிச்சையா, மாங்காயா என்று அம்மா கேட்கச் சொன்னார்கள்.